ஒருமுறை படித்தால் அழியும்

எழுதியதை ஒட்டி வைத்துவிட்டு, அதன் முகவரியை மட்டும் அடுத்தவருக்குக் கொடுக்கிற இணையப் பக்கங்கள் உண்டு. திறந்தால் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். அதில் எதை வேண்டுமானாலும் எழுதிப் பொத்தானை அழுத்தினால் அதற்கென்று ஓர் இணைப்பு கிடைக்கும். உங்கள் பெயரைக் கேட்காது, ஊரைக் கேட்காது. எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கும். ஒரு மணி நேரமா, ஒரு வாரமா, என்றைக்குமா, இல்லை ஒருமுறை படித்ததும் அழித்துவிடவா? என்னைப் போலக் கணினிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவர்கள் துண்டு துண்டாக நிரல்களைக் கைமாற்றிக்கொள்ள வைத்திருக்கும் சாதாரண வசதி இது. இதை நினைத்து யாரும் ஏங்க மாட்டார்கள். நான் ஏங்குகிறேன்.

அருப்புக்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்குள் பென் டிரைவ் கொண்டுபோகக் கூடாது. வைரஸ் வருகிறதாம். பொறுப்பாளர் சாயங்காலங்களில் சினிமாப் படங்கள் இறக்கிக்கொண்டிருந்ததற்கும் வைரஸுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி. அதை நான் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. மின்னஞ்சலையும் அடைத்து வைத்திருந்தார்கள். எழுதிய நிரலை வெளியே கொண்டுபோக வழி தெரியாமல் நான் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரி இந்த வெள்ளைப் பெட்டியைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு ஊர் வீரசோழன், எனக்குப் பரளச்சி. இணைப்பின் கடைசி எழுத்துகளைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்து, அவள் ஒரு பஸ்ஸிலும் நான் ஒரு பஸ்ஸிலும் ஏறிப் போவோம். படிப்பில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் உண்மை.

கடைசி வருடம் ஒரு கம்பெனியின் நேர்முகத்துக்கு அவள் போய் வந்தாள். அவளைப் பெற்ற அத்தா அந்தச் சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வேலை கிடைக்கவில்லை. அதன் பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னம்மா, ஆர்டர் வந்துருச்சா?" என்று கேட்டார்கள். கடையில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், பெருநாளைக்கு வந்தவர்களும் கேட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் பக்கத்தில் அக்கறையை விசாரித்துத்தான் காட்டுவார்கள். பதில் சொல்கிறவளுக்குத்தான் உயிர் போகும்.

"இனிமே கெடச்சாத்தான்டி வாயத் தொறப்பேன். அதுவரைக்கும் நான் எதுவும் எழுதல, எதுவும் படிக்கல" என்று என்னிடம் சொன்னாள்.

படிப்பு முடிந்ததும் உள்ளூரிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வளைகுடாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். நான் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். எப்போதாவது போனில் பேசுவோம், அவ்வளவுதான்.

ஊரடங்கு வந்தபோது எங்கள் அலுவலகம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பரளச்சிக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அந்த நிழலைச் சுற்றி அம்மா மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தாள். "வத்தல மிதிக்காம எங்கிட்டு வேணும்னாலும் உக்காந்து ஆபீஸப் பாரு" என்றாள். நான் தும்மிக்கொண்டே ஆபீஸைப் பார்த்தேன்.

அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். மறுபடி நிரல் எழுத வேண்டும் என்று ஆசையாக இருக்கிறதாம். ஆனால் கம்ப்யூட்டர் இல்லை. அவளுடைய போனின் திரை உடைந்து கிடந்தது, ரிப்பேர் கடை பூட்டிக் கிடந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது மாமியாருடைய போன். மச்சினர் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வளைகுடாவிலிருந்து மகனின் வீடியோ கால், சொந்தக்காரர்களின் நலம் விசாரிப்பு எல்லாம் அதில்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் சற்றுக் கண்ணயரும்போது அது அவள் கைக்கு வரும்.

"வாட்ஸ்அப்புல அனுப்பேன்" என்றேன்.

"நல்லா அனுப்பினேன் போ. மாமி போனு எல்லாரு கையிலயும் போயிட்டு வருது. ஒருத்தரு பாத்தாப் போதும், வேலைக்குப் படிக்கிறியாமே, என்னாச்சுன்னு தெருவே கேக்கும்."

ஆகவே பழைய வெள்ளைப் பெட்டிக்கே திரும்பினோம். அவள் மாமியார் போனில் நிரலை எழுதி ஒட்டுவாள். 'ஒருமுறை படித்ததும் அழி' என்பதைத் தேர்ந்தெடுப்பாள். வெறும் இணைப்பு மட்டும் எனக்குக் குறுஞ்செய்தியில் வரும். வேறு யார் கண்ணில் பட்டாலும் ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள். நான் திறந்து, என் கணினியில் ஓட்டிப் பார்த்து, என்ன பிழை வந்ததோ அதை அதே மாதிரி ஒட்டித் திருப்பி அனுப்புவேன். மாடியில் படம் ஒன்று திறப்பதற்குள் வெயில் இறங்கிவிடும். ஆனால் இந்தப் பக்கம் வெறும் எழுத்து என்பதால் உடனே வந்துவிடும்.

நிரலில் ஒரு வரியின் தலையில் குறி ஒன்றைப் போட்டுவிட்டால் கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வசதிக்காகக் குறிப்பு எழுதிக்கொள்ளும் இடம் அது. எங்களுக்கு அது அரட்டைக் கச்சேரிக்கான இடம். 'கூட்டல் கணக்கு இங்கே' என்று எழுத வேண்டிய இடத்தில், 'இன்னைக்கு நோன்புக் கஞ்சிக்கு நான் போட்ட உப்பப் பத்தி ஒருத்தரும் பேசல, அம்புட்டு மோசம்' என்று எழுதியிருப்பாள். நான், 'நாப்பது பேரு மீட்டிங்ல தும்முனேன், மேனேஜரு என்னைய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாரு' என்று எழுதுவேன். பதினைந்து வரி நிரலுக்கு முப்பது வரி அரட்டை. படித்துச் சிரித்துவிட்டு மூடினால் பக்கம் போய்விடும். நாளைக்கு இன்னொன்று வரும் என்ற தைரியத்தில் மூடுவேன்.

அந்தக் கோடை முழுக்க இப்படியே போனது. உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மத்தியானம் ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சென்னையில் என் பக்கத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவர் வார்த்தைக்காகவும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. தினப்படி வாழ்க்கைக்கு உதவும் ஏதாவது ஒரு நிரலைத் தனியாக எழுதி, இணைப்பை அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். அவளுக்குச் சொன்னேன். விண்ணப்பித்தாள்.

"இத நீ பாக்கக் கூடாதுடி" என்றாள். "பாத்தா உன் கை சும்மா இருக்காது, திருத்திருவ. அப்புறம் அது என்னோடது இல்ல."

கோபம் வந்தாலும் சரி என்றேன். பிழை பார்க்க அவளே ஓர் இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். போனிலேயே ஓட்டிப் பார்க்கலாம், மூடினால் எல்லாம் மறந்துபோகும். பல மத்தியானங்களைத் திருடி எழுதி முடித்து, வெள்ளைப் பெட்டியில் ஒட்டி, கம்பெனிக்கு இணைப்பை அனுப்பினாள்.

மறுநாள் காலை அவள் கூப்பிட்டாள். கம்பெனியிலிருந்து பதில் வந்திருந்தது. இணைப்பைத் திறந்தால் ஒன்றும் இல்லையாம். சாயங்காலத்துக்குள் சரியாக அனுப்பாவிட்டால் சேர்த்துக்கொள்ள முடியாதாம்.

"காப்பி வச்சிருக்கியா?"

"எங்கிட்டு வைக்க? பிள்ளைக கிளாசுக்குப் போன வாங்குனதும் எல்லாத்தையும் மூடிருச்சுக."

"அழியிறத அமுக்கிட்டியா?"

"பழக்கந்தான்டி. கை அதுக்குத்தான் போகுது."

"அப்படியே இருந்தாலும் கம்பெனிக்காரன் ஒரு தடவை பாத்திருக்கணுமே. வேற யாருக்கும் அனுப்புனியா?"

"அவுகளுக்கு" என்றாள். வீட்டுக்காரருக்கு.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் எழுத்துக்கு எப்போதும் ஒரே ஒரு வாசகிதான், அது நான். ஒருமுறை என்றால் போதுமானதாக இருந்தது. முதன்முதலாக இரண்டு பேருக்கு ஒரே இணைப்பை அனுப்பியிருக்கிறாள். கம்பெனி திறப்பதற்கு முன்னால் அவர் திறந்துவிட்டார்.

மனுஷனுக்கு நிரலில் என்ன வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டும் சொன்னேன்.

"அவுகளத் திட்டாதடி. அவுக ஒருத்தருக்குத்தான் இந்த வீட்டுல விசயம் தெரியும். நான் எழுதுனத ஒரு வாட்டி பாக்கட்டுமேன்னு அனுப்புனேன். உங்களாலதான் போச்சுன்னு நான் எப்படிச் சொல்வேன்?" அழ ஆரம்பித்துவிட்டாள். முதல் நேர்முகத்தில் தோற்றபோதுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

அவர் எண்ணை வாங்கி நானே கூப்பிட்டேன். கல்யாணத்தில் பார்த்ததோடு சரி, பேசியதில்லை. "அண்ணே, அவ நேத்து ஒண்ணு அனுப்புனாளே, பாத்தீகளா?" என்றேன். சண்டைக்கு ஏற்ற குரல்தான் வந்தது.

"பாத்தேன் தங்கச்சி. ஒண்ணும் புரியல. ஆனா ஊடால ஊடால நம்ம ஊருப் பஸ்ஸா இருந்துச்சு. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிக்கு, பரளச்சிக்கு, எங்க ஊருக்குன்னு டயத்தோட. இங்க பிளைட்டும் இல்ல, வேலையும் இல்ல, ரூமுக்குள்ள அடஞ்சு கெடக்கோம். நம்ம பக்கத்து ஆளுகளுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுனேன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"நாந்தான் கெடுத்தேனா?" என்றார். பிறகு அவசரமாக, "தங்கச்சி, இருங்க. மூடுனா அழிஞ்சிரும்னு மேல இங்கிலீசுல போட்டிருந்துச்சு. அவ எழுதுனது அழியக் கூடாதுன்னு ஒண்ணுவிடாமப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். உங்களுக்கு அனுப்பவா?"

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் மாடி சிக்னலில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அம்மா வத்தலைக் கிளறிவிட்டுப் போனாள். நான் பார்த்துப் பார்த்து மடிக்கணினியில் அடித்தேன். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. இரண்டு படங்களுக்கு நடுவே சில வரிகள் விட்டுப்போயிருந்தன. அவளைக் கூப்பிட்டேன். அவள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நாலு எடம் தள்ளி ஆரம்பி. பஸ்ஸு நேரம் இப்ப நேரத்த விடப் பெருசா இருந்தா..." என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் மாமியாரின் குரல் கேட்டது.

"ஏம்மா, பஸ்ஸுதான் ஓடலையே? எங்க போகப் போறே?"

"வேலைக்கு எழுதிக்கிட்டு இருக்கேன் மாமி. கெடைக்குமான்னு தெரியல" என்றாள். கெடச்சாத்தான் வாயத் தொறப்பேன் என்றவள்.

"அதுக்கு ஏன் வெயில்ல நின்னு கத்துற? உள்ள வந்து பேனுக்கு அடியில உக்காந்து சொல்லு" என்றார் அந்த அம்மா.

ஓட்டிப் பார்த்தேன். இருக்கிற இடத்தைக் கேட்டது. அருப்புக்கோட்டை என்றேன். போகிற இடத்தைக் கேட்டது. வீரசோழன் என்றேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னது. மாடியிலிருந்து பார்த்தால் ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டியைத் தவிர எதுவும் ஓடவில்லை. எனக்கு அழுகை வந்தது. 'என்றைக்கும்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒட்டி, இணைப்பை அவளிடம் கொடுத்தேன். அவள் கம்பெனிக்கு அனுப்பினாள். பிறகு இரண்டு முறை பேசினார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஊர் விசாரித்தது. அவள் சலிக்காமல் பதில் சொன்னாள்.

அதன் பிறகு அவளுக்குச் சொந்தப் போன், கம்பெனி கொடுத்த மடிக்கணினி எல்லாம் வந்துவிட்டன. எனக்கு நிரல் அனுப்ப வேண்டிய தேவை இல்லை. இப்போது பேசினால் இருவரும் மேனேஜர்களைத் திட்டுகிறோம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மத்தியானம் குறுஞ்செய்தி வரும் சத்தம் கேட்டால் இன்னும் எனக்கு ஒரு கணம் மனசு துள்ளும். பார்த்தால் ஏதோ விளம்பரமாக இருக்கும்.

போன பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் லீவில் வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "போட்டோ புடிக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்துத் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டினார். அதே படங்கள். இது புதுப் போன், பழையதிலிருந்து மாற்றி வைத்திருக்கிறார்.

"இன்னும் அழிக்கலையா?" என்றேன்.

"உங்களுக்கு எம்புட்டோ எழுதியிருக்கா தங்கச்சி. எனக்குன்னு அவ எழுதி அனுப்புனது இது ஒண்ணுதானே."

அவள் அடுப்படியிலிருந்து என்ன சிரிப்பு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஒன்றுமில்லை என்றேன். எனக்கு அந்தக் கோடை முழுக்க எழுதினாள். அதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.