சாக்பீஸில் பார்த்த ரோஸ் நிறம்

வேதியியல் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் வாய் கூசுகிறது. உண்மையில் கூச வேண்டியது நான் இல்லை.

தேவாலாவிலிருந்து பஸ் பிடித்துப் போய் அரசுக் கல்லூரியில் படித்தேன். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். மழையில் நனைந்து அட்டைக்கடி பட்டுச் சம்பாதித்த கூலியில்தான் ஃபீஸ் கட்டினார். அதில் ஆய்வகக் கட்டணம் வருடா வருடம் ஏறியது. ஆய்வகத்தில் தூசிதான் ஏறியது. அமிலம் தீர்ந்தது, கேஸ் தீர்ந்தது, மிச்சமிருந்த கண்ணாடிச் சாமான்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கேட்டால் கல்லூரி பல்கலைக்கழகத்தைக் கைகாட்டும். பல்கலைக்கழகம் அரசைக் கைகாட்டும்.

எங்கள் மேடம் கௌரவ விரிவுரையாளர். அவருக்கே மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்? பியூரெட் என்ற நீளக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டால், நிறங்காட்டி சேர்த்த அமிலம் எப்படி நிறம் மாறும் என்று போர்டில் வரைந்து, குடுவைக்குள் ரோஸ் கலர் சாக்பீஸை அழுத்தித் தீட்டிக் காட்டினார். செய்முறைத் தேர்விலும் அளவுகளைப் போர்டில் எழுதிப் போட்டார்கள். நாங்கள் கணக்கு மட்டும் போட்டோம். எனக்கு முழு மதிப்பெண்.

படிப்பு முடிந்ததும் குன்னூரில் ஒரு ஜூஸ் கம்பெனியில் ஆய்வக வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளந்து காட்டச் சொன்னார்கள். பியூரெட்டை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தேன். சொட்டு விழ விழ, போர்டில் பார்த்த அந்த அடர்ந்த ரோஸுக்காகக் காத்திருந்தேன். அது வந்ததும் நிறுத்தினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அது எப்பவோ தாண்டிருச்சேம்மா" என்றார் பக்கத்தில் நின்ற அதிகாரி. "இருக்கா இல்லையாங்கற மாதிரி லேசா ஒரு ரோஸ் வரும். அங்கயே நிறுத்தணும். நீ பாத்ததே இல்லையா?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேலை வேறொருவருக்குப் போனது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தேவாலா வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். எனக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று ஆய்வகப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். உடைந்த சாமான்களுக்கான கட்டணத்தைக் கட்டினால்தான் போடுவேன் என்றார். இந்த வருடம் அதுவும் ஏறிவிட்டதாம். அவருக்குப் பின்னால் அந்த அலமாரி பூட்டியபடியே இருந்தது.

"நான் எதைங்க சார் ஒடச்சேன்?" என்று கேட்டேன். "அதக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க. ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுக் கட்டிர்றேனுங்க."