கஸ்தூரியின் தட்டு

செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில், தட்டில் இருந்த செல்களுக்கு ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கஸ்தூரியின் தம்பி தணிகைவேல் தொலைபேசியில் பேசினார். வேலைக்குக் கிளம்பிய அக்கா திருத்தணி ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார், எழவில்லை என்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு மீதித் தட்டுகளுக்கும் மாற்றி முடித்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கஸ்தூரியின் பிடிவாதத்தை அவருடன் வேலை செய்து, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரபணுக்களை அலசும் மென்பொருள், மிகக் குட்டையான புரதங்களுக்கான குறிப்புகளைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். அவர் காலையில் வந்ததும் முதலில் திறப்பது அந்தக் குப்பையைத்தான். "சின்னதா இருந்தா வேலை செய்யாதுன்னு யாருங்க சொன்னது?" என்பார். அப்படிப் பிடித்ததுதான் அந்தப் பெப்டைடு, அதாவது ஒரு குட்டைப் புரதம். இதயத் தசை சுருங்கியதும் கால்சியத்தைச் செல்லுக்குள் இருக்கும் கிடங்குக்குத் திருப்பி அனுப்பினால்தான் தளர முடியும். அனுப்பும் பம்புக்கு இந்தக் குட்டிப்பயல் கைகொடுக்கிறான் என்பது அவர் கணிப்பு. நான் கிண்டல் செய்தபோது, "இறுக்கறது எல்லாருக்கும் வரும்ங்க. விடத் தெரியணும்" என்றார்.

சோதனைக்கு ஆரோக்கியமான ஒருவரின் செல்கள் தேவைப்பட்டன. முறைப்படி ஒப்புதல் எழுதித் தன் ரத்தத்தையே கொடுத்தார். அதிலிருந்த செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி வளர்த்த இதயச் செல்கள் தட்டில் ஒன்றாகத் துடித்தன. "என்னோடது நல்லா ஓடுதுங்க" என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சிரித்தார்.

துக்கம் கேட்கப் போன இடத்தில், ஆறுதலாக இருக்கட்டும் என்று, அந்தச் செல்கள் இன்னும் துடிப்பதைச் சொன்னேன். மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் தணிகைவேல் கேட்டார்: "அது துடிச்சிகினு இருக்கறப்போ நாங்க எப்படிங்க கருமாதி பண்றது?"

அந்தச் செல்களில் பெப்டைடு இருக்கிறதா என்று அறிய அவற்றை உடைத்துத்தான் ஆக வேண்டும்; உடைத்தால் துடிப்பு நின்றுவிடும். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

கருமாதிக்கு முந்தின நாள் தணிகைவேலே ஆய்வகத்துக்கு வந்தார். மிச்சமிருந்த சோதனையைப் பற்றிச் சொன்னேன்; கேட்டுவிட்டு நுண்ணோக்கியில் கண் வைத்தார்.

"ஆங்... அக்கா. இன்னொரு வாட்டி பாத்துக்கட்டாங்க?"

பார்த்தார். "போதுங்க. அக்கா வேலைய முடிச்சிடுங்க."

முடித்தேன். பெப்டைடு இருந்தது. யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமோ, அவர் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எதையும் அழிக்குமுன் குப்பையைத் திறந்து பார்க்கிறேன். காலையில் செல்கள் வளரும் பெட்டியையும் திறக்கிறேன். அவர் தட்டு இருந்த இடம் காலி. கையில் ஊட்டநீரோடு நிற்கிறேன். எனக்கு இன்னும் விடத் தெரியவில்லை, கஸ்தூரி.