கோணி உடுத்திய உபதேசியார்

மலாய் நாட்டில் காஜா பேராங் என்ற ஊரின் சிற்றாலயத்து உபதேசியார் தேவதாஸ் அழுதால் பார்க்கக் கண் கோடி வேண்டும். பாவத்தைப் பற்றிப் பிரசங்கித்தால் முதல் கண்ணீர் அவருடையதுதான். அதைத் துடைக்க இரண்டு கைக்குட்டைகளை மடித்து வைத்திருப்பார். ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரப் பாதிரிமாரைச் சிறையில் அடைத்த பிறகு, சபைக்கு அவரே இடி, அவரே மழை.

பேரரசரின் பிறந்த நாளன்று எல்லாக் கட்டடங்களிலும் சூரியக் கொடி பறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை அப்பாசாமி, மனைவி மல்லிகாவின் வெள்ளைப் புடவையைக் கிழித்து, நடுவில் சிவப்பு வட்டம் தைத்துக் கொண்டுவந்தார். உபதேசியார் அதைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கர்த்தருடைய வீட்டின்மேல் மனுஷனுடைய கொடியா, உயிரே போனாலும் நானே பதில் சொல்வேன் என்று முழங்கினார். கேட்க இருந்தது அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமே என்பதில் அவருக்குச் சற்று வருத்தம்தான்.

பிறந்த நாள் கழிந்த மறுநாளே பதில் சொல்லும் வேளை வந்தது. வாசலில் இரண்டு சிப்பாய்கள், ஒரு மொழிபெயர்ப்பாளன். கொடியை ஏற்றாதவன் யார் என்று கேட்டார்கள். அந்தோ! இடியாய் முழங்கிய வாயில் எச்சில்கூட ஊறவில்லை. வாய் வராவிட்டால் என்ன, விரல் வந்தது. அது அப்பாசாமியைக் காட்டியது.

அப்பாசாமி மறுத்துப் பேசவில்லை. தலைக்குமேல் ஒரு பாறாங்கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பொழுது சாயும்வரை அவரை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். கை தாழ்ந்தபோதெல்லாம் துப்பாக்கிக் கட்டையால் அடி விழுந்தது. அதன்பின் வலது தோள் மேலே எழும்பவே இல்லை. சோம்பேறி, கொடியை மறந்து சபையையே மாட்டிவிடப் பார்த்தான் என்று தெருவில் பேசினார்கள். உபதேசியாரும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் போனார்.

ஆனால் தூக்கம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதத்தில் பாவத்துக்காக மனம் வருந்துகிறவர்களைப் போல, கோணியை உடுத்தி, தலையில் அடுப்புச் சாம்பலைக் கொட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். நான் மகா பாவி என்று தரையில் விழுந்து புரண்டார். என்ன பாவம் என்பதை மட்டும் சொல்லவில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. துணிப் பஞ்சத்தில் சபையில் பாதிப்பேர் கோணிதான் கட்டியிருந்தார்கள்.

மல்லிகா பக்கத்திலிருந்தவளிடம், "இன்னிக்குத்தான் உபதேசியாரு நம்மள மாதிரி உடுத்தியிருக்காரு. வீட்டுல மடிச்சு வச்சிருக்கிற வேட்டியெல்லாம் யாருக்காம்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு, சபையார் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜனப் பந்தி. அதை நடத்த வெளியூரிலிருந்து தமிழ்ப் பாதிரி ஐயர் வருகிறார். சகோதரனோடு மனஸ்தாபம் உள்ளவன் ஒப்புரவாகாமல் பந்திக்கு வரக்கூடாது என்று வருஷக்கணக்காகச் சபையை மிரட்டிவந்தவர் தேவதாஸ். இப்போது ஊரே பார்க்க அவரே ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த அவமானம் பாதி, நெஞ்சுக்குள் நிஜமாகவே எரிந்த நெருப்பு பாதி, சனிக்கிழமை அவரை அப்பாசாமி வீட்டுக்குத் தள்ளியது.

அப்பாசாமி இடது கையால் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு புழு, அப்பாசாமி. வெறும் தூசி. என் நெஞ்சு வெடிக்குது..."

"புழுவ விடுங்க ஐயா. என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"அதான் உனக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும்."

தேவதாஸ் தொடங்கினார். முதலில் காலத்தின் கொடுமை வந்தது. அடுத்துச் சாத்தான் வந்தான். கடைசியில்தான் அவர் வந்தார்.

"கொடியப் பூட்டி வச்சது நான். கேட்டப்ப உன்னக் காட்டினேன். அடிக்குப் பயந்துட்டேன்."

கண்ணில் ஒரு சொட்டு இல்லை. உண்மையாகவே நொறுங்கிய அன்று மனிதர் அழ மறந்துவிட்டார்.

அப்பாசாமி கத்தியைக் கீழே வைத்தார். "அன்னிக்கே மன்னிச்சிட்டேன். கல்லத் தூக்கிக்கிட்டு நிக்கறப்ப எனக்கு வேற என்ன வேலை? ஆனா இத அப்படியே நாளைக்குச் சபையில சொல்லிடுங்க. தெருவுல என்னச் சோம்பேறிங்கறாங்க."

மறுநாள் கோதுமை அப்பத்துக்குப் பதில் மரவள்ளி ரொட்டி வைத்திருந்தது. தேவதாஸ் எழுந்து நின்று அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். புரளலும் விம்மலும் கேட்டே பழகிய சபைக்கு ஒன்றும் புரியவில்லை. முடிஞ்சிருச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிறகுதான் உறைத்தது. தலைகள் அப்பாசாமி பக்கம் திரும்பி, வெட்கத்தோடு குனிந்தன.

பந்திக்கு முழங்காலிட்டபோது, அப்பாசாமி தன் பக்கத்தில் வரும்படி உபதேசியாருக்குச் சைகை காட்டினார். நடுவில் இருந்த மல்லிகா நகரவில்லை.

"அவரு மன்னிச்சிட்டாரு. எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

தேவதாஸ் தலையை ஆட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் முழங்காலிட்டார். அப்பாசாமி மெல்ல எழுந்து, மனைவி முறைப்பதைப் பார்க்காதவர்போல் நடந்து, அவர் பக்கத்தில் போய் முழங்காலிட்டார்.