நெய் காபிக்குக் கட்டிய சிவப்பு அட்டை

காபியில் நெய் ஊற்றிக் குடித்தவன் நான். ஐம்பதைத் தாண்டிய வயதில், நாலு புத்தகம் படித்த தலையோடு, பாலில்லாத காபியில் இரண்டு கரண்டி நெய்யை விட்டு மிக்ஸியில் நுரைக்க அடித்துக் குடித்தேன். அதைவிட வெட்கக்கேடு, ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று ஊருக்குச் சொல்லத்தான் சம்பளமே வாங்குகிறேன்.

காரணம் ஒரு மாத்திரை. "ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு. மூணு மாசம் டைம் தரேன். குறையலேன்னா தினம் மாத்திரைதான்" என்றார் தொழிற்சாலை மருத்துவர். கேன்டீனில் கை கழுவியதும் என் வயதுக்காரர்கள் சட்டைப் பையிலிருந்து ஆளுக்கொரு மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சங்கத்தில் சேருவதில்லை என்று அன்றே தீர்மானித்தேன்.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் திருநெல்வேலிக்கார சூப்பர்வைசர்தான் வழி காட்டினார். "அண்ணாச்சி, இந்த வீடியோவப் பாரும். கொழுப்புதான் கொழுப்பக் கரைக்குமாம்லா. மத்தியானம் வரைக்கும் பசி எட்டிப் பாக்காது. மூளை பளிச்சுன்னு ஆயிரும்."

வீட்டில் அவ்வளவு வரவேற்பு இல்லை. "கேசரியில ஊத்துனா கொழுப்பு, காபியில ஊத்துனா மருந்தா? நல்லா கீது உங்க நியாயம்" என்றாள் மனைவி.

இரண்டு மாதத்தில் இடுப்பு பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது. கொண்டாடியிருப்பேன், தொழில் புத்தி விடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் சந்தேகமான பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைப்போம். இயந்திரத்தில் கோளாறு என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வோம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. நானோ நெய் காபி ஆரம்பித்த அன்றே கேன்டீன் பொங்கல்வடையை நிறுத்தி, பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கவும் தொடங்கியிருந்தேன். பாராட்டு யாருக்கு?

கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒரு வாரம் நெய்யோடு, ஒரு வாரம் நெய் இல்லாமல். நெய் வாரத்தில் பசி தாமதமாக வந்தது உண்மை. அத்தனை நெய் உள்ளே போனால் யாருக்குத்தான் பசிக்கும்? மூளை இரண்டு வாரமும் ஒரே அளவு பளிச்சென்றுதான் இருந்தது. அது காபியின் உபயம். பெல்ட்டும் வித்தியாசம் காட்டவில்லை. 'ஆராய்ச்சி சொல்கிறது' என்ற வீடியோக்களில், எந்த ஆராய்ச்சி என்று தேடிப் போனால் உடம்பு இளைக்கும் பொடி விற்கும் கடைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எல்லாவற்றுக்கும் சிவப்பு அட்டை. ஆனாலும் ஒரு சுற்றை நம்பித் தீர்ப்பு எழுதுவது எங்கள் வழக்கமில்லை. இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது ரத்தப் பரிசோதனை நாள் வந்தது.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அது நெய் வாரம். சோதனையை நடுவில் முறிப்பது தொழில் தர்மமில்லை. தவிர, நெய் காபி குடித்தாலும் வயிறு வெறும் வயிறாகவே கருதப்படும் என்று வீடியோ சொல்லியிருந்தது. அந்த ஒரு வாக்கை மட்டும் நான் சோதிக்கவே இல்லை. விடியற்காலையில் குடித்துவிட்டு முதல் ஷிப்டுக்குப் போனேன்.

மருத்துவ அறையில் ரத்தம் எடுத்த சிஸ்டர், சற்று நேரத்தில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். தெளிந்து நிற்க வேண்டிய மேல்பாகம் மோர் மாதிரி கலங்கியிருந்தது.

"இன்னா சார் துன்னுட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர். காபி மட்டும்தான்."

"காபில இன்னா போட்டீங்க?"

சொன்னேன். குழாயை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "இது செல்லாது. நாளைக்கு வெறும் தண்ணியோட வாங்க."

மறுநாள் தண்ணீரோடு போனேன். மதியம் மருத்துவர் அறிக்கையைப் புரட்டினார். "குறைஞ்சிருக்கு. மாத்திரை இப்ப வேணாம். வடையை விட்டதும் நடையும் வேலை செஞ்சிருக்கு. நெய்யையும் விட்டுருங்க."

தப்பித்தேன். வெளியே வந்த மிதப்பில், வாரம் மாற்றி வாரம் நான் நடத்திய சோதனையை சிஸ்டரிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கம்பெனில இன்னா வேலை சார் உங்களுக்கு?"

"குவாலிட்டி. பிரேக் பார்ட்ஸ் எல்லாம் நான் பார்த்துத்தான் வெளியே போகும்."

"அப்டியா?" என்றார். "எங்க வூட்டுக்காரரை இனிமே வண்டிய மெதுவா ஓட்டச் சொல்றேன்."