அறிவுக்குப் புள்ளி போட்ட கதை

துறைமுகத்தடியில் இருந்த எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் அமோனியாக் குழாய்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தடவித் திறக்கக்கூடிய ஒரே மனிதருக்கு நான் அறிவில் பூச்சியம் போட்டேன். அதுவும் பச்சை மையில், அடிக்கோடிட்டு.

யுத்த காலம். கொழும்பில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய், சமநிலைப் புள்ளி அட்டை என்ற ஒன்றோடு திருகோணமலைக்குத் திரும்பியிருந்தேன். நிறுவனத்தை நான்கு கட்டங்களில் போட்டு அளக்க வேண்டும். நான்காவது கட்டம் ஊழியரின் அறிவு. தலைக்குள் இருப்பது நிறுவனத்தின் சொத்தாக வேண்டுமானால் முதலில் கடதாசிக்கு வரவேண்டும் என்றார் விரிவுரையாளர். நான் அதைச் சுருக்கி, எழுதித் தரும் தாள் ஒன்றுக்கு ஒரு புள்ளி என்றாக்கினேன். எங்கள் கிளாக்கர் சுவிட்ச் போடுவது எப்படி என்று பதினொரு தாள் எழுதி முதலிடம் பிடித்தார்.

மெக்கானிக் அண்ணை ஒன்றும் தரவில்லை.

“பைப் எங்க போகுதெண்டு எனக்குத் தெரியும், பைப்புக்கும் தெரியும். கடதாசிக்கு ஏன் சேர்?”

“நாளைக்கு நீங்கள் இல்லாட்டி?”

“ஆமிச் சென்ரியால கடதாசியோட வந்தா இல்லாமத்தான் போவன்.”

மாற்றத்தை விரும்பாத மனப்பான்மை என்று குறித்துக்கொண்டேன். பூச்சியம் அறிவிப்புப் பலகையில் ஏறியதும் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வரைந்து, மறுநாள் காலை தன் ஊர் கப்பல்துறையிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்தார். கண்டி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சட்டைப்பையில் துறைமுகத்தடிக் கட்டடம் ஒன்றின் படம்: வாசல்கள், குழாய்கள், அம்புக்குறிகள், ‘இதைத் திறந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்’ என்ற குறிப்பு.

செய்தி கிடைத்ததும் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த நாட்களில் மறிக்கப்பட்ட எல்லோரும் வீடு திரும்பவில்லை. அண்ணை வாங்கில் உட்கார்ந்து குனிந்தபடி இருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதிகாரிக்கு நான்கு கட்டங்களையும் விளங்கப்படுத்தினேன். மூன்றாவது கட்டத்தில் அவர் தொப்பியைக் கழற்றி வைத்தார். நான்காவதில், இந்த ஆளுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டார். பூச்சியம் என்றேன். அவர் அண்ணையைப் பார்த்தார், என்னை அதைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார், படத்தை வைத்துக்கொண்டு இருவரையும் போகச் சொன்னார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, உயிர் காத்தவனுக்குரிய அடக்கத்தோடு, “பயந்திட்டீங்களோ அண்ணை?” என்று கேட்டேன்.

“நீங்கள் வந்த பிறகுதான் பயந்தனான். அதுக்கு முந்தியே அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, சப்பாத்துக் கயிறைக் கட்டிப்போட்டுப் போ எண்டவங்கள். உங்கட விளக்கத்தைக் கேட்டிட்டுத்தான் திரும்ப வாங்கி வச்சவங்கள்.”