தூங்கி எழுந்த முகம்

சித்ரகலாவுக்கு ஐம்பது முடியப் போகிறது. அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் எங்கள் மேஜையின் வேலை. யாராவது ஒரு பழுதைக் கவனிக்காமல் விட்டால், சித்ரகலா அதே ஸ்டிக்கரை விட்டவளின் கன்னத்தில் ஒட்டிவிடுவாள். சாயங்காலம் வரை எடுக்கக் கூடாது. எனக்கும் ஒட்டியிருக்கிறாள். சாத்தூரிலிருந்து வந்த சின்னப் பொண்ணு கருத்தம்மாவுக்கு ஒட்டாத வாரமே கிடையாது. அவள் அழுதால், "அழுவாத கண்ணு, பீஸ்ல கண்ணீர் பட்டா அதும் கறைதான்" என்பாள் சித்ரகலா.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரி. முகம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. கன்னம் சரிந்து, வாயின் இரண்டு ஓரமும் தொங்கி, சிரிக்கும்போதுகூட அழுதுவிட்டு வந்தவள் போலவே இருப்பாள். பழைய முதலாளி அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் மகன் பிரபாகர் பொறுப்புக்கு வந்ததும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வருகிற பகல் ஷிப்டில் தெம்பான முகம்தான் நிற்க வேண்டும் என்று மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டான். யாரைச் சொன்னான் என்று எல்லோருக்கும் தெரியும். சித்ரகலாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வெள்ளைக்காரன் அவளுக்குக் கை கொடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்றுதான் அவள் கண்ட மரியாதை. பகல் ஷிப்டு போனால் அதுவும் போய்விடும்.

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் முகத்தை அழகாக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். பக்கத்து வீட்டுக்காரிதானே, வாயைத் திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூக்கோரத்துப் பள்ளத்தைக் காட்டி, இதை நிரப்பிவிடுங்கள் என்றாள். பள்ளத்தை நிரப்பினால் முகம் உப்பிப்போகும் என்றார் டாக்டரம்மா. கன்ன எலும்பின் மேலிருந்த கொழுப்பு இளைத்துச் சரிந்ததால் வந்த பள்ளம் அது. எலும்பை ஒட்டி மேலே ஊசியால் கொஞ்சம் மருந்து வைத்தால் கீழே தொங்குவது தானாக ஏறிக்கொள்ளும். தவறி ரத்தக்குழாயில் இறங்கினால் தோல் அழுகலாம், கண்ணே போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. சித்ரகலா அசையவில்லை. டாக்டரம்மா வெள்ளைப் பென்சிலை எடுத்து அவள் முகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குறி போட்டார். எங்கள் மேஜைக்கு வந்த பழுதான பீஸ் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

"என்ன செஞ்சீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. நல்லாத் தூங்குனீங்களான்னு கேக்கணும். அதுதான் நல்ல வேலை" என்றார் டாக்டரம்மா.

அவர் கைராசிக்காரர். வீக்கம் வடிந்ததும் கன்னம் தூக்கி நின்றது, வாயோரம் மேலேறி இருந்தது, ஊசி போட்ட சுவடே இல்லை. லீவு முடிந்து வந்தவளைப் பிரபாகர் நின்று பார்த்தான்.

"ஏனுங்கக்கா, லீவுல நல்லாத் தூங்குனீங்களா? பாக்கவே தெம்பா இருக்கீங்க."

"ஆமாங்க சார்" என்றாள். அவள் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதே இல்லை.

"நைட் ஷிப்டுக்கு இப்படித் தெம்பான ஆளுதானுங்க வேணும். இன்னைக்கே மாறிக்குங்க. பகலைக் கருத்தம்மா பாத்துக்கட்டும்."

நைட் ஷிப்டுக்கு எந்த பையரும் வருவதில்லை. சித்ரகலா ஸ்டிக்கர் ரோலைக் கருத்தம்மா கையில் கொடுத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதது வெளியே கேட்டது. கழுவிக்கொண்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் கன்னம் அப்படியே நின்றது, வாயோரம் இறங்கவே இல்லை.

கருத்தம்மா ரோலை விரலில் சுற்றிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"நைட்டுன்னதும் ஒங்களுக்கு எம்புட்டுச் சந்தோசம்க்கா. மொகத்துலயே தெரியுது."

மேஜை முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.