என் அண்ணன் மிட்டாய் என்று சொன்ன சாமான்

என் அண்ணி கஞ்சா சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள் என்று யாராவது என் காதுபடப் பேசினால் அவர்களை நான் சும்மா விடப்போவதில்லை. சாப்பிட்டது உண்மை. ஓட்டியதும் உண்மை. ஆனால் அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் என் கூடப்பிறந்தவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவனை விட்டுவிட்டுக் கதை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அண்ணி வேன் ஓட்டத் தொடங்கியபோது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சிரித்தோம். சைக்கிளில் போனாலே எதிரில் வருகிறவனுக்கு வழிவிட்டு ஓரமாக இறங்கி நிற்கிறவள் அவள். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை ஜெயித்துவிட்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் வேனில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். "பெல்ட்டு போடுங்க! ஜன்னலுக்கு வெளிய கை யாருது? கை யாருதுன்னு கேக்கறேன்ல?" என்று அவள் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். பிள்ளைகள் அவளை வண்டி அக்கா என்பார்கள். பெற்ற தாய்க்கு அடங்காததுகள் எல்லாம் வண்டி அக்காவுக்கு அடங்கும்.

கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை எப்போதும் கரகரப்புதான். அதனால் தட்டையான தகர டப்பாவில் வரும் தொண்டை மிட்டாய் வாங்குவாள். சர்க்கரை தூவி, மெத்தென்று, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அது அவள் பையில் இல்லாத நாளே கிடையாது. டப்பா காலியானாலும் தூக்கிப் போடமாட்டாள். ஒன்றில் ஊசி நூல், ஒன்றில் ஆணி, ஒன்றில் ரப்பர் வளையம் என்று வீடு முழுக்க அதே டப்பாதான். மூடியைப் பார்த்து உள்ளே இருப்பது என்னவென்று அந்த வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

அண்ணன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். நாள் முழுக்க மண்டியிட்டு வேலை செய்து முதுகும் முழங்காலும் போய்விட்டன. ராத்திரி வலியில் தூக்கம் கிடையாது. பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் இப்போது சட்டம் மாறி, பெரியவர்களுக்குக் கஞ்சா சேர்த்த ஜெல்லியையும் சாக்லேட்டையும் சட்டப்படியே கடையில் விற்கிறார்கள். கூட வேலை பார்த்த ஒருவன் சொன்னான் என்று போய் வாங்கிவந்தான். வாங்கியதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. வலிக்கிறவனுக்குத்தான் வலி தெரியும்.

கடையில் இருந்த பெண் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். இதைப் பிறகு அவனே என்னிடம் ஒப்பித்தான். மறந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன், எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது! "புகையா இழுத்தா உடனே தெரியும். இது வயித்துக்குள்ள போய், கல்லீரல் வழியா சுத்திட்டு வரணும். ஒரு மணி நேரம் ஆகலாம், ரெண்டு மணி நேரமும் ஆகலாம். புதுசா எடுக்கறவங்க பாதி, இல்ல கால்வாசி போதும். ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொண்ணு போட்டுடாதீங்க, ரெண்டும் சேர்ந்து அடிக்கும். குடிச்சிட்டு எடுக்காதீங்க. அன்னிக்கு வண்டிய தொடாதீங்க. இந்தப் பெட்டிய விட்டு வேற எதுலயும் மாத்தாதீங்க, பூட்டி வைங்க" என்று சொன்னாளாம். இவனும் தலையாட்டினானாம்.

அந்தப் பெட்டியின் மூடி, பிள்ளைகள் திறக்கக் கூடாது என்று, அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். சிமெண்டில் ஊறிய விரலுக்கு அது வசப்படவில்லை. இரண்டு நாள் திட்டிக்கொண்டே திறந்தான். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அண்ணியின் காலி தகர டப்பா ஒன்றில் கொட்டி, சமையலறை அலமாரியில் வைத்துவிட்டான். அதைவிடப் பெரிய கூத்து, வீட்டில் அதன் பெயரையே அவன் சொல்லவில்லை. கஞ்சா என்ற வார்த்தையை வாயால் சொல்ல அவனுக்கு வெட்கம். மாமனார் வீட்டில் தெரிந்தால் மானம் போய்விடுமாம். "என்னங்க அது?" என்று அண்ணி ஒருநாள் கேட்டதற்கு "முதுகு வலிக்கு ஒரு மிட்டாய்" என்றிருக்கிறான். ஏதோ மருந்துக்கடைச் சாமான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிறகு என்ன? அவசரத்தில் அவள் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது அந்த டப்பாவை.

சாயங்காலம் மணியடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே பள்ளிக்கூட வாசலில் வந்து காத்திருந்தவள் ஒன்றை வாயில் போட்டிருக்கிறாள். நிறம் சிவப்பாக இருந்தது. மிட்டாய்க் கம்பெனிக்காரன் புது ருசி போட்டிருக்கிறான் என்று நினைத்தாளாம். தொண்டைக்கு வழக்கமான குளிர்ச்சி வரவில்லை. இன்னொன்று போட்டாள். அதற்கும் வரவில்லை, மூன்றாவது. அண்ணனே பாதியைக் கடித்து மீதியை வைக்கிற சாமான் அது.

பிள்ளைகள் ஏறினார்கள். பாதி வழி போனபிறகு சிக்னலின் சிவப்பு விளக்கு மாறவே மாறாதது போலிருந்ததாம். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது வேறு யாருடைய கையோ என்று தோன்றியதாம். நெஞ்சு படபடவென்று அடிக்க, தனக்குப் பக்கவாதம் வருகிறது என்றே அவள் முடிவுகட்டிவிட்டாள். அப்போது செய்தாளே ஒரு காரியம், அதைத்தான் நான் எல்லோரிடமும் கத்திக் கத்திச் சொல்கிறேன். வண்டியை ஓரம்கட்டினாள். பிரேக்கைப் போட்டு, சாவியைப் பிடுங்கி, அலுவலகத்துக்குப் போன் செய்து "எனக்கு என்னமோ ஆகுது, வேற டிரைவர அனுப்புங்க, பிள்ளைங்க இருக்காங்க" என்றாள். பிறகு படியில் கதவை மறித்து உட்கார்ந்துகொண்டு தலைகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறந்துபோய் மறுபடி எண்ணினாள். வேறு டிரைவர் வந்து சேரும்வரை அதையே செய்திருக்கிறாள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் தையல் கடையிலிருந்து ஓடினேன், கழுத்தில் அளவு டேப்போடு. அவளை ஸ்கேனுக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. பள்ளிக்கூடத்துப் போக்குவரத்து மேலாளரை வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார்: "கஞ்சா ஏதாவது எடுத்தீங்களாம்மா?" அண்ணி அழக்கூட மறந்து அவரைப் பார்த்தாள். "நானா?" என்றாள். அப்படியே அவளை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் அங்கேதான் நின்றான். அவள் பையோடு மேசைமேல் கிடந்த டப்பாவைப் பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி ஆனான். வாயைத் திறந்தானா? மேலாளர் போகும்வரை மென்று விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டு, என்னைத் தனியாக இழுத்துப்போய் "என் மிட்டாய எடுத்துட்டா போலிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான்.

"யார்கிட்டயும் சொல்லாதயா? எதுல, எத்தன சாப்பிட்டான்னு தெரியாம அங்க தலைய படம் புடிச்சிக்கிட்டு இருக்காங்க. வெக்கமா இல்லடா உனக்கு?" அண்ணனை நான் 'டா' போட்டது அன்றுதான். சட்டையைப் பிடித்து நர்சிடம் இழுத்துப் போனேன். எத்தனை, எவ்வளவு வீரியம், எப்போது என்று அந்தம்மா கேட்டுக்கொண்டாள். "இது தானாத்தான் இறங்கும், முறிக்கறதுக்கு மருந்து இல்ல. சத்தமில்லாத இடத்துல படுக்க வைக்கறோம், தனியா விடாதீங்க. நாளைக்கும் மந்தமா இருக்கலாம், வண்டி ஓட்டவே கூடாது. இதையே ஒரு சின்னப் பிள்ளை சாப்பிட்டிருந்தா கதையே வேற. மூச்சு மந்தமாகற அளவுக்குப் போகும்" என்றாள். அண்ணன் தரையைப் பார்த்தான். எத்தனை தரை ஒட்டியவன், பார்க்கட்டும் என்று விட்டேன்.

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை என்றார்கள். "அது என் புருஷனுது" என்று அவள் சொன்னதற்கு மேலாளர் சிரிக்காத குறை. மாட்டுகிற எல்லோரும் இன்னொருவருடையது என்றுதான் சொல்வார்களாம். வாங்கினவர் வந்து தன் வாயால் சொல்லட்டும் என்றார். இல்லாவிட்டால் வேலையும் போகும், இனி எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவைக்க நாங்கள் பட்ட பாடு! "தலைசுத்தல்னு சொல்லிக்கலாமே" என்பான். "வேற மருந்து ஒத்துக்கலன்னு சொல்லு" என்பான். எனக்கு வாயில் நல்லா வந்தது. அண்ணி மட்டும் "வாங்க, வந்து சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விசாரணை தலைமையாசிரியையின் அறையில் நடந்தது. அவரும் மேலாளரும் இருந்தார்கள். பெற்றோர் சார்பில் ஒரு அம்மாவும் வந்திருந்தார். அந்த அம்மாவின் மகளை அண்ணி பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்; அவளும் அண்ணியின் வேனில்தான் வருகிறாள். எல்லோருக்கும் முன்னால் அவரே பேசினார். "வண்டி அக்காகிட்ட ஏத்திவிட்டாதான் நான் நிம்மதியா வேலைக்குப் போவேன். முடியலன்னதும் வண்டிய நிறுத்தினாங்களே, அதுக்கு மேல என்ன வேணும்? இவங்கள வேலைய விட்டு எடுத்தா நாங்க ஒத்துக்க மாட்டோம்." எனக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தலைமையாசிரியை அண்ணனிடம் திரும்பினார். "டப்பாவுல இருந்தது என்ன?"

"அது... முதுகு வலிக்கு... ஒரு மாதிரி மிட்டாய்ங்க" என்றான்.

நான் எழுந்தேவிட்டேன். அதற்குள் அண்ணி பேசத் தொடங்கினாள். யாரையும் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். இத நான் யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு பாப்பா இருமிக்கிட்டே வந்து ஏறினா. எப்பவும் இருமினா நான் ஒண்ணு குடுப்பேன். அன்னிக்கும் டப்பாவ திறந்து நீட்டினேன். ஆரஞ்சு இல்லையே அக்கா, சிவப்பு எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லிட்டுப் பின்னாடி போயிட்டா. அவளுக்கு சிவப்பு பிடிக்காது. அவ்வளவுதாங்க. நான் நீட்டிட்டேன்."

எந்தப் பாப்பா என்று கேட்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் என் அண்ணனுக்கு வாய் திறந்தது. "கஞ்சாங்க. நான்தான் வாங்கினேன். நான்தான் டப்பா மாத்தினேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அழுது என்ன செய்ய?

அந்த அம்மா எழுந்தார். "நாளைலேருந்து என் பொண்ண நானே கொண்டுவந்து விட்டுக்கறேன்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். அண்ணியைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். சேலை உரசாமல் ஒதுங்கிப் போனார்.

தலைமையாசிரியை, டாக்டர் சரி என்று எழுதிக்கொடுத்தால் திங்கட்கிழமை வண்டியை எடுக்கலாம் என்றார். உள்ளதைச் சொன்னதற்காகவே எடுத்துக்கொள்கிறேன் என்றார். இனி வேனில் யாரும் யாருக்கும் தின்பதற்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் வந்தான். முகத்தில் ஒரு நிம்மதி வேறு. "அதான் வேலை திரும்பக் கிடைச்சிடுச்சே, விடு" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அவனை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுவாள். சண்டையில்கூட மாறியதில்லை.

"எனக்காகப் பேச வந்தவ எழுந்து போயிட்டா," என்றாள். "நீ வேலையப் பத்திப் பேசற."